புதுப்பிப்பு: விசுவாசம் ஆட்டம் காணும்போது முடிவெடுக்கலாமா?

முந்தைய இழையில், இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாரின் விதி ஒன்றைத் தந்திருந்தேன்: மனம் வறண்டிருக்கும்போது, தெளிவாக இருந்த நாளில் எடுத்த முடிவை மாற்றாதே (அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல், எண் 318). "அப்படியானால் சும்மா இருப்பதா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

இல்லை. அடுத்த எண்ணே பதில் சொல்கிறது: முடிவைத் தொடாதே, உன்னை மாற்றிக்கொள், செபத்தையும் ஆன்ம சோதனையையும் (உன் செயல்களை மனச்சாட்சியின்முன் ஆராய்வதையும்) கூட்டு. சறுக்குவது இங்கேதான். செபம் கசந்ததும் நேரத்தைக் குறைக்கிறோம். அவரோ, 1 மணி நேரம் என்று வைத்திருந்தால் அதற்குமேலும் சற்று இருக்கச் சொல்கிறார் (எண் 13). 15 நிமிடம் செபிப்பவர் 16 நிமிடம் உட்கார்ந்தால் போதும். 1 மணி நேரத்துக்குத் தாவினால் மூன்றாம் நாள் கைவிடுவார்.

சந்தேகத்தை மூடி வைக்காதீர்கள். பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் குருவிடமோ ஆன்மிக விவரமறிந்தவரிடமோ முழுதாகச் சொல்லுங்கள் (எண் 326).

கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து விரல்பட்ட வசனம் வழிகாட்டலா? எனக்கு அது சீட்டுக் குலுக்கல்தான். அமைதி திரும்பியபின் எண் 185-ஐச் செய்து பாருங்கள்: முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? அதையே நீங்களும் செய்யுங்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போயிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். எல்லா வறட்சியும் ஆன்மிக வறட்சி அல்ல.