டிஸ்க் எப்போதும் 100%: பழைய லேப்டாப்புக்கு முதலில் எஸ்எஸ்டியா, ரேமா?

மெதுவண்டி கேட்டது:

லேப்டாப் விவரம்: ஐ5-7200யூ ப்ராசஸர், 4 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் (5400 ஆர்பிஎம்), டிவிடி டிரைவ், விண்டோஸ் 10. டெஸ்க்டாப் வந்த பிறகும் பத்து நிமிடத்துக்கு எதையும் திறக்க முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்றே நிற்கிறது, சிபியு 20%ஐத் தாண்டுவதில்லை. ஃபேன் சத்தமும் கூடியிருக்கிறது.

இப்போதைக்கு ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டியா (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), ரேமா? டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டி போடலாம் என்கிறார்களே, சரியா? தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸரின் சூட்டைக் கடத்தத் தடவும் பசை) மாற்ற வேண்டுமா? டச்பேடின் இடது க்ளிக் அழுத்தி அமுக்கினால்தான் விழுகிறது, அது தனிக்கதை, பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

நாலாவது ஸ்க்ரூ பதில்:

தனிக்கதை இல்லைங்க, அதுதான் முதல் வேலை. பல மாடலில் டச்பேடுக்கு நேர் கீழே பேட்டரி இருக்கும். பேட்டரி உப்பினால் டச்பேடை அடியிலிருந்து தள்ளும், க்ளிக் இறுகும். லேப்டாப்பை மூடி ஒரு சமமான மேசையில் வைத்துப் பாருங்க. ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடினாலோ, கீழ் மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் நகம் போகிற அளவு இடைவெளி தெரிந்தாலோ சந்தேகமே வேண்டாம். அதுவரை சார்ஜில் போடாதீங்க.

திறக்கும்போது: அடாப்டரைப் பிடுங்கி, ஷட்டவுன் செய்து, மூடி திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுங்க. ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கனெக்டரின் இரண்டு ஓரத்தையும் நகத்தால் மாறி மாறித் தள்ளினால் வந்துவிடும். பிறகு பவர் பட்டனை 15 விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிடுங்க. உப்பிய செல்லை ஸ்க்ரூடிரைவரால் நெம்பவோ, அழுத்திச் சப்பையாக்கவோ, குத்திக் காற்றை இறக்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும். அதைக் குப்பையிலும் போடக்கூடாது, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்க.

இனி உங்க கேள்வி. சிபியு 20%, டிஸ்க் 100% என்றால் ப்ராசஸர் சும்மா காத்திருக்கிறது, டிஸ்க்கால் கொடுத்து முடியவில்லை. 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு பெரிய சினிமா ஃபைலை விநாடிக்கு 100 எம்பி வாக்கில் படித்துவிடும். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது கேட்பது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் ஊசி இடம் மாற வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். அப்போது விநாடிக்கு 1 எம்பிகூடத் தேறாது. 4 ஜிபி ரேம் நிறைந்ததும் வழிகிற மிச்சத்தையும் விண்டோஸ் இதே டிஸ்க்கில்தான் கொண்டுபோய்க் கொட்டும். அதனால் முதலில் எஸ்எஸ்டி. ரேமை மட்டும் கூட்டினால் பாதி நோய்தான் தீரும்.

டிவிடி இடத்தைக் கடைசி வழியாக வைங்க. சில மாடலில் அந்த போர்ட்டின் வேகம் குறைவு. அப்படியே பண்ணுவதானால் எஸ்எஸ்டியை ஹார்டு டிஸ்க் இடத்தில் போட்டு, பழைய டிஸ்க்கை டிவிடி இடத்துக்கு அனுப்புங்க. கேடி (டிவிடி இடத்தில் டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) 9.5 மிமீயா 12.7 மிமீயா என்று அளந்து வாங்குங்க, மாறினால் உட்காராது.

மின்மினி பதில்:

ரேம் பற்றி: டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று அங்கேயே காட்டும். அதை மட்டும் நம்பிவிட வேண்டாம், போர்டில் பற்றவைத்த ரேமையும் அது ஒரு ஸ்லாட்டாகக் கணக்கிடும். பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றலாம், 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் பற்றவைத்தது.

இந்த ப்ராசஸர் டிடிஆர்4 ரேமை 2133 வேகத்தில்தான் ஓட்டும். 2400, 2666, 3200 எது போட்டாலும் 2133க்கு இறங்கிக்கொள்ளும், அதனால் வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இருக்கும் 4 ஜிபியோடு ஒரு 8 ஜிபி சேர்த்தால் மொத்தம் 12 வரும். அதில் முதல் 8 ஜிபி (இரண்டிலிருந்தும் நாலு நாலு) டூயல் சேனலிலும் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வேகமான முறை) மீதி 4 சிங்கிளிலும் ஓடும். "ஜோடி சேராத ரேம் கூடாது" என்று பயமுறுத்துவார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

ரேமை 30 டிகிரி சாய்வில் செருகி, தங்க நிறக் கால்கள் ஏறக்குறைய மறையும்வரை தள்ளிவிட்டு, அதன்பிறகே கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். பாதி செருகியபடி அழுத்தினால் ஃபேன் ஓடும், திரை கருப்பாகவே இருக்கும். போர்டு போய்விட்டது என்று பதறுகிறவர்களில் பலருக்கு விஷயம் இவ்வளவுதான்.

மெதுவண்டி:

திறந்தாயிற்று. பேட்டரியில் மூன்று செல், நடு செல் தலையணை மாதிரி இருக்கிறது. எடுத்துவிட்டேன். லேபிளில் 11.4 வோல்ட், 42 வாட்-அவர். இப்போது அடாப்டரில் மட்டும் ஓடுகிறது. ரேம் ஸ்லாட் இரண்டு, ஒன்று காலி. ஹார்டு டிஸ்க் பக்கத்தில் எம்.2 என்று எழுதிய ஒரு காலி ஸ்லாட் இருக்கிறது. இதில் என்விஎம்இ (குச்சி வடிவில் வரும் அதிவேக எஸ்எஸ்டி) போடலாமா? விண்டோஸை அப்படியே க்ளோன் செய்ய முடியுமா?

நாலாவது ஸ்க்ரூ பதில்:

பேட்டரியைப் பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்க. லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால், ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று விதப் பேட்டரி இருக்கும், கனெக்டர் பொருந்தாமல் திரும்பி வரும். 14.8 வோல்ட் பேக் என்றால் நான்கு செல், உங்களுடையது மூன்று. வாட்-அவர் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், செல் எண்ணிக்கை மாறக் கூடாது. அடாப்டரில் மட்டும் ஓட்டும்போது ஒயர் ஆடிக் கரண்ட் போனால் ஃபைல் கெடும், முக்கியமான வேலையை அப்படிச் செய்யாதீங்க.

எம்.2: ஸ்லாட்டில் நுழைந்துவிட்டது என்பதற்காக வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை. இந்தத் தலைமுறை லேப்டாப் பலவற்றில் எம்.2 இடம் சாட்டா (ஹார்டு டிஸ்க்குக்கான பழைய இணைப்பு முறை) மட்டும்தான். 'எம் கீ' (வெட்டு இருக்கும் இடத்தைக் குறிக்கும் பெயர்) ஸ்லாட்டாக இருந்தால் என்விஎம்இ குச்சி அழகாக உட்காரும், பயாஸில் (லேப்டாப்பின் தொடக்க அமைப்புத் திரை) மட்டும் தெரியவே தெரியாது. சாட்டா எம்.2 குச்சிகளின் கால் வரிசையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. உங்க மாடலின் சர்வீஸ் மேனுவலில் 'பிசிஐஇ' (என்விஎம்இ பயன்படுத்தும் இணைப்பு) என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் என்விஎம்இ. இல்லையென்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ. விநாடிக்கு 550 எம்பி, அதுவே இந்த ப்ராசஸருக்குத் தாராளம். 3500 எம்பி போட்டாலும் பூட் ஆவதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

வைஃபை கார்டு இருக்கும் ஸ்லாட்டும் எம்.2தான், அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி செருகப் பார்க்காதீங்க.

பழைய இரும்பு பதில்:

க்ளோன் செய்வதற்கு முன் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைப் பதிந்துவைக்கும் கணக்கு) கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். 05, சி5, சி6 மூன்று வரியிலும் கடைசி எண் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். சி5இல் எண் ஏறியிருந்தால் படிக்க முடியாத செக்டர்கள் இருக்கின்றன என்று பொருள். க்ளோன் அங்கே போய் மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் ஆவணங்களை மட்டும் முதலில் வெளியே நகலெடுங்கள்.

டிஸ்க் சுத்தமாக இருந்தால் க்ளோன் ஆகும். மூன்று இடத்தில் சறுக்கும். பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். 1 டிபியிலிருந்து 500 ஜிபிக்கு மாற்றுவதானால் க்ளோன்ஸில்லா என்ற க்ளோன் மென்பொருள் சாதாரணமாக மறுத்துவிடும், பழைய டிஸ்க்கைவிடச் சிறிய டிஸ்க்கை அது ஏற்பதில்லை. எஸ்எஸ்டி நிறுவனம் தரும் மென்பொருள் பார்ட்டிஷனைச் சுருக்கியே நகலெடுக்கும், அது சுலபம். சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்து, பூட் ஃபைல்கள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத இஎஃப்ஐ பார்ட்டிஷனை விட்டுவிட்டால் பூட் ஆகாது. முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு முதல் பூட் செய்யுங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் எதிலிருந்து தொடங்கியது என்றே தெரியாது.

பயாஸில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) 'ரெய்டு' என்றிருந்தால் அவசரப்பட்டு 'ஏஎச்சிஐ' ஆக்காதீர்கள். 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரைதான் வரும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் விண்டோஸில் சேஃப் மோடு பூட்டைத் தேர்வு செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸ் போய் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறிவிட்டு அந்தத் தேர்வை எடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் க்ளோனே வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை வேண்டும், உங்களுடையது ஏழு. தடையைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு, ஆனால் அப்படி நிறுவியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. ப்ரவுசர், வீடியோ, கடிதம் இவ்வளவுதான் வேலை என்றால் புதிய எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்) போடுங்கள், 12 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். அதில் ஓடாத விண்டோஸ் மென்பொருள் ஏதாவது கட்டாயம் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும்.

மின்மினி பதில்:

தெர்மல் பேஸ்டை யாரும் சொல்லவில்லை. முதலில் தூசி. ஃபேனின் மேல்மூடியைக் கழற்றினால், காற்று வெளியேறும் செப்புத் தகடுகளின் வாயில் கம்பளித் துண்டு போல ஒரு படலம் அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது நகராது, பிரஷ்ஷால் உரித்து எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

அதற்குப் பிறகும் சூடு குறையாவிட்டால் பேஸ்ட். ஹீட்சிங்கில் (சிப்பின் சூட்டை வாங்கும் உலோகப் பகுதி) ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3 என்று எண் இருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1இலிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. லேப்டாப் சிப்புக்கு மேலே உலோக மூடி கிடையாது, ஒரு மூலை விட்டுப்போனாலும் அந்த இடம் சூடேறும், அதனால் மெல்லிசாக முழுக்கத் தடவுங்கள். பக்கத்துச் சிப்களின் மேல் சாம்பல் நிற மெத்தைத் துண்டு இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பேஸ்ட் போடக் கூடாது, அந்த இடைவெளியைப் பேஸ்டால் நிரப்ப முடியாது.

மூடும்போது ஒரு விஷயம். கழற்றிய ஸ்க்ரூக்களை, மூடியின் படம் ஒன்றைத் தாளில் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் அது போர்டையோ கீபோர்டையோ குத்திக்கொண்டு மேலே வரும்.