இப்ப வர்ற கேம் எல்லாம் பொறுமை இல்லாதவனுக்கு வேண்டி எளுப்பமாக்கினதா?

மட்டிப்பழம்_மார்த்தாண்டம்:
குமரி மாவட்ட கேம் குரூப்புல வாராவாரம் இதே சண்டைதான். டிவி கேம் காலத்து அண்ணன்மார் "காண்ட்ராவை 3 உயிர்ல முடிச்சுட்டு வந்து பேசு மக்கா"ன்னு ஒரே போடு. சின்னப் பயலுவ "எல்டன் ரிங்ல முதல் பாஸை, அதான் பெரிய எதிரியைத் தாண்டிட்டு நீங்க பேசுங்க"ன்னு திருப்பி அடிக்கானுவ. ரெண்டு பக்கமும் கத்துது, விவரம் யாரும் சொல்லல. என் கேள்வி இதுதான்: உண்மையிலேயே என்ன மாறியிருக்கு? கஷ்டம் குறைஞ்சதா, இல்ல வேற ஏதாவது குறைஞ்சதா? பழைய மாதிரி சவாலா விளையாடணும்னா எந்த செட்டிங்கை எப்படி மாத்தணும்? தெரிஞ்சவங்க விளக்கமா எழுதுங்க, ஒரு வரிப் பதில் வேண்டாம்.

எட்டுபிட்_தக்கலை:
கஷ்டமும் தண்டனையும் வேற வேற. குரூப்புல ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறதாலதான் சண்டை முடியல.

1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை எடுங்க. 8 உலகம், ஒவ்வொண்ணுலயும் 4 கட்டம், மொத்தம் 32. சேவ் கிடையாது. 8-4ல (கடைசிக் கட்டம்) கேம் ஓவர்னா மறுபடி 1-1 (முதல் கட்டம்). (தலைப்புத் திரையில ஏ பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் அமுக்கினா, செத்த உலகத்தோட தொடக்கத்துல இருந்து போகலாம். அது தெரியாமலே ஒரு தலைமுறை போயிருக்கு.) அங்க ஒரு பள்ளத்தைத் தாண்டுறது கஷ்டமில்ல. அந்தப் பள்ளத்துக்குத் திரும்பி வர்ற அரைமணி நேரம்தான் கஷ்டமாத் தெரிஞ்சது.

2018ல வந்த செலஸ்ட்டில விரலுக்கு வேலை அதைவிடப் பல மடங்கு. ஆனா செத்தா ஒரு நொடிக்குள்ள அதே திரையோட ஆரம்பத்துல நிக்கலாம். நஷ்டம் பத்து நொடி. அதனால 500 தடவை செத்தாலும் ஆள் எழுந்து போறதில்ல. மாரியோவில 500 தடவைன்னா டிவியே உடைஞ்சிருக்கும்.

பழைய கேம் ஏன் அப்படித் தண்டிச்சது? ரெண்டு காரணம். ஒண்ணு, கடையில காசு போட்டு ஆடுற ஆர்கேட் பெட்டிக்கு ஒவ்வொரு சாவும் ஒரு காசு. வீட்டுக்கு வந்த பொறவும் அந்தப் பழக்கம் போகல. ரெண்டு, இடமில்ல. மாரியோ முழுசும் 40 கிலோபைட். வாட்ஸ்அப்ல வர்ற குட்மார்னிங் படம் அதைவிடப் பெரிசு. அவ்வளவு சின்ன கேமைத் திரும்பத் திரும்ப ஆட வச்சாத்தான் கொடுத்த காசுக்கு ஈடாத் தோணும். அமெரிக்காவில கேசட் வாடகைக்குப் போன காலத்துல, ஒரே வார இறுதியில முடிச்சுத் திருப்பிக் கொடுத்துடக் கூடாதுன்னு கஷ்டத்தைக் கூட்டினதும் உண்டு. காண்ட்ரா: ஹார்ட் கோர் ஜப்பான் பதிப்புல ஒரு உயிருக்கு 3 அடி தாங்கும், அமெரிக்கப் பதிப்புல ஒரே அடி. அதைக் கலைன்னு எப்படிச் சொல்ல? கடைக்காரன் கணக்குதான் அது.

இன்னொண்ணு. 'இப்பதான் கேம் நமக்கு இரக்கம் காட்டுது'ங்கிறதும் சரியில்ல. 1996ல வந்த க்ராஷ் பேண்டிகூட், ஒரே இடத்துல அடிக்கடி செத்தா சத்தமில்லாம முகமூடி கொடுத்துக் காப்பாத்தும். 2005ல ரெசிடென்ட் ஈவில் 4 உள்ளுக்குள்ள ஒரு மறைவான தர எண் வச்சிருந்தது. நல்லா ஆடினா எதிரி மூர்க்கமாவான், செத்துக்கிட்டே இருந்தா தணிவான். அந்த கேமை 'செம கஷ்டம், ஆனா முடிச்சேன்'னு சொல்ற அண்ணன்மார்ல பாதிப் பேருக்கு அது கை கொடுத்ததே தெரியாது.

உப்புக்காத்து_குளச்சல்:
மேல சொன்னது சரிதான். ஆனா ஒரு சாமான் விஷயம் விட்டுப்போச்சு: டிவி.

பழைய குண்டு டிவியில பட்டன் அமுக்கினதுக்கும் படம் மாறுறதுக்கும் இடையில டிவி சேர்க்கிற தாமதம் ஏறக்குறைய இல்ல. இப்ப உள்ள எல்இடி டிவி படத்தை அழகாக்குறேன்னு உள்ள வச்சுப் பிசையும். கேம் மோட் போடலேன்னா 100 மில்லிசெகண்டு தாமதம் சாதாரணமா வரும். நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடுற கேம்ல ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்டு, அப்ப 6 ஃபிரேம் போச்சு. அந்த டிவியில எமுலேட்டர் (பழைய கேமை இப்ப உள்ள மெஷின்ல ஓட்டுற மென்பொருள்) போட்டு பழைய கேம் ஆடிட்டு 'அப்பப்பா, அந்தக் காலத்துக் கேம் எவ்வளவு கஷ்டம்'னா, அதுல பாதி டிவியோட கஷ்டம்.

சரி பார்க்குற வழி: 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுக்கிற போன் ஒண்ணு போதும். பட்டனும் திரையும் ஒரே படத்துல வரணும். குதிக்கிற பட்டனை அமுக்கி, விரல் இறங்கின ஃபிரேம்ல இருந்து ஆள் காலைத் தூக்குற ஃபிரேம் வரை எண்ணுங்க. ஒரு ஃபிரேம் 4.2 மில்லிசெகண்டு. 24 எண்ணினா 100. இதுல கேமோட சொந்தத் தாமதமும் சேர்ந்திருக்கும், அதனால கேம் மோட் போட்டும் போடாமலும் ரெண்டு தடவை எடுத்து வித்தியாசத்தைப் பாருங்க. பொறவு 'மோஷன் ஸ்மூத்திங்' மாதிரி எது இருந்தாலும் அணைங்க. சில டிவியில எச்டிஎம்ஐ நுழைவுக்கு 'பிசி'ன்னு பெயர் மாத்தினாலே அந்தப் பிசையல் பெருமளவு நின்னுடும். ரெட்ரோஆர்ச்ங்கிற எமுலேட்டர்ல ஆடுற ஆளுங்களுக்கு, தாமதத்தைக் குறைக்கிற 'ரன் அஹெட்'னு ஒரு வசதி உண்டு. 1 ஃபிரேம்ல ஆரம்பிங்க, படம் துள்ளினா அது கூடிப்போச்சுன்னு அர்த்தம், ஒண்ணு குறைச்சுக்கிடுங்க.

கடலோரத்து ஆளுங்களுக்குத் தனியா: கன்ட்ரோலர் ஸ்டிக் தானா நகர்ந்து ஆள் பள்ளத்துல விழுந்தா அதுக்கு கேமைத் திட்டாதீங்க. உள்ள உள்ள கார்பன் தடம் தேய்ஞ்சிருக்கும். இப்போதைக்கு செட்டிங்ல டெட் ஸோனை (ஸ்டிக் லேசா அசைஞ்சா கேம் கண்டுக்காத அளவு) கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, நகர்வு நின்ன இடத்துல விடுங்க. உப்புக்காத்துல பேட்டரி ஸ்பிரிங்கும் பச்சைப் பிடிக்கும், அப்பப்ப ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சா போதும்.

வரைபடம்_வடசேரி:
தக்கலை அண்ணாச்சி சொன்னதுல எனக்குப் பாதி சம்மதம்தான். விரலுக்கு உள்ள கஷ்டம் குறையல, ஒத்துக்கிடுதேன். கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள கஷ்டம் குறைஞ்சிருக்கு. பொறுமையைச் சோதிக்கிறது அதுதானே?

2002ல வந்த மாரோவிண்ட்ல வழிகாட்டும் அம்புக்குறி கிடையாது. 'ஆத்தோரமா வடக்க போ, பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்பு'ன்னு ஒருத்தன் சொல்லுவான், அது நாட்குறிப்புல எழுதி இருக்கும், நாமதான் தேடணும். மார்த்தாண்டத்துல ஒரு வீட்டுக்கு வழி கேட்டா சொல்லுவாங்கல்லா, அதே மாதிரி. 2006ல அடுத்த பாகம் ஆப்ளிவியன் வந்தப்ப திசைகாட்டியில குறி வந்துடுச்சு. அதுக்கப்புறம் பெரும்பாலான கேம் அந்தப் பாதைதான்.

'பிடிக்கலேன்னா குறியை அணைச்சுக்க'ன்னு சொல்றது சுலபம். அணைச்சா என்ன ஆகுது? விட்சர் 3ல மினி மேப்பை எடுத்துடலாம், ஆனா பல பணிகள்ல பேசுற ஆள் வழியே சொல்ல மாட்டான். குறி இருக்குன்னு நம்பித்தான் வசனமே எழுதியிருக்கு. அணைச்சா அதுல சவால் ஏது, வெறும் அலைச்சல்தான். அதனால குறியை அணைக்கலாமான்னு பார்க்குறதுக்கு முன்னாடி, அது இல்லாம ஆடுறதுக்காக அந்த கேம் எழுதப்பட்டிருக்கான்னு பாருங்க. அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி ஆரம்பத்துலயே ரெண்டு வழி கேட்கும்: 'கைடட்', 'எக்ஸ்ப்ளோரேஷன்'. ரெண்டாவதை எடுத்தா எந்தப் பகுதி, எதுக்குத் தெக்கன்னு துப்பு மட்டும் தரும். ஷேடோ ஆஃப் த டூம் ரைடர்ல சண்டை, தேடல், புதிர் மூணுக்கும் தனித்தனி அளவு. தேடலைக் கூட்டினா பாறை விளிம்புல உள்ள வெள்ளைப் பூச்சு காணாமப் போகும்.

ஹாலோ நைட்டை எடுத்துக்கிடுங்க. வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்கணும். அதுல நாம எங்க நிக்கோம்னு காட்டுற திசைகாட்டி 220 ஜியோ (அந்த கேமோட காசு), அதுவும் ஒரு சார்ம் (பலம் தர்ற தாயத்து) இடத்தைப் பிடிச்சுக்கிடும். வழி தெரியணும்னா சண்டை பலத்துல கொஞ்சம் விடணும். இப்படி யோசிச்சு வைக்கிறதைத்தான் வடிவமைப்புன்னு சொல்லணும்.

காட் ஆஃப் வார் ராக்னராக்ல நேர் எதிர். புதிர் முன்னால போய் நின்னு மூச்சு வாங்குறதுக்குள்ள, பக்கத்துல நிக்கிற பையன் விடையைச் சொல்லிடுவான். பரீட்சை ஹால்ல பின்பெஞ்சுக்காரன் மாதிரி. கேட்காமலே.

மட்டிப்பழம்_மார்த்தாண்டம்:
வடசேரி அண்ணே, அந்த 'குறி இல்லாம ஆட எழுதப்பட்டிருக்கா'ங்கிற கேள்வி நல்லா இருக்கு. அப்ப ஹார்ட் மோட் போட்டாலும் இதே கதையா? பயலுவ பலபேர் எந்த கேமை எடுத்தாலும் நேரே கடைசி அளவைப் போட்டுட்டு ரெண்டு மணி நேரத்துல கழட்டி வைக்கானுவ.

எட்டுபிட்_தக்கலை:
அதே கதைதான். கஷ்ட அளவைக் கூட்டினா கேம் உள்ள என்ன பெருக்குதுன்னு பார்க்கணும்.

ஸ்கைரிம்ல 'அடெப்ட்'தான் சமநிலை: நாம அடிக்கிறது 1, வாங்குறது 1. 'எக்ஸ்பர்ட்'ல அடி முக்காலாகும், வாங்குறது ஒன்றரையாகும். 'மாஸ்டர்'ல பாதியும் ரெண்டும். 'லெஜெண்டரி'யில கால் பங்குதான் அடி, வாங்குறது 3 மடங்கு. எதிரி புத்திசாலி ஆகல, வேற தந்திரம் எதுவும் போடல. ஒரே கரடியை 4 மடங்கு நேரம் வெட்டணும், அவ்வளவுதான். முனை மழுங்கின வெட்டுகத்தி வச்சு வாழை வெட்டுற மாதிரி. கை வலிக்கும், கத்துக்கிட ஒண்ணும் இருக்காது. பயலுவ கழட்டி வைக்கிறது பொறுமை இல்லாம இல்ல, அலுப்புல.

கோஸ்ட் ஆஃப் சுஷிமாவோட 'லீதல்' வேற மாதிரி. எதிரி அடி நம்மைச் சாய்ச்சுடும், நம்ம அடியும் அவனைச் சாய்ச்சுடும். சண்டை சுருங்குது, ஒவ்வொரு நொடியும் கனமாகுது. த லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2ல அளவு அஞ்சாப் பிரிஞ்சிருக்கு: நாம, எதிரி, கூட்டாளி, பதுங்கல், கிடைக்கிற பொருள். எதிரியைக் கூட்டி, நாம வாங்குற அடியை நடுவுல விட்டு, பொருளைக் குறைச்சா தோட்டா எண்ணி ஆட வேண்டி வரும். முதல்ல அதைச் செஞ்சு பாருங்க.

எந்த கேமா இருந்தாலும் நடு அளவுல முதல் ஒரு மணி நேரம் ஆடுங்க. சாதாரண எதிரி ஒருத்தனைச் சாய்க்க எத்தனை வெட்டுன்னு எண்ணுங்க. பொறவு ஒரு படி ஏத்தி மறுபடி எண்ணுங்க. வெட்டு எண்ணிக்கை மட்டும் கூடி எதிரியோட நடை மாறலேன்னா, கீழ இறக்கிடுங்க. நடை மாறினா மேல வைங்க. ஒண்ணு கவனம்: 2018 காட் ஆஃப் வார்ல கடைசி அளவை எடுத்தா நடுவுல மாத்த முடியாது, மறுபடி ஆரம்பத்துல இருந்துதான்.

கைபேசி_குழித்துறை:
எல்லாரும் பிசி, பிளேஸ்டேஷன் பத்தியே பேசுதீங்க. இந்த மாவட்டத்துல கேம்னா முக்கால்வாசி போன்தான். அங்க பொறுமையின்மை வேற வியாபாரம்.

கேண்டி க்ரஷ்ல 5 உயிர், ஒண்ணு திரும்ப 30 நிமிஷம். அஞ்சும் போனா முழுசா நிறைய ரெண்டரை மணி நேரம். காத்திருக்க மாட்டியா, காசு கொடு. இது எளுப்பமான கேமே இல்ல. பொறுமை இழக்கிற இடம் பார்த்துத் தடை வச்சு, அதைத் தாண்டுறதை விக்கான். தக்கலைக்காரர் சொன்ன ஆர்கேட் காசுப் பெட்டி சட்டைப் பைக்குள்ள வந்திருக்கு.

பிஜிஎம்ஐயில (பப்ஜியோட இந்தியப் பதிப்பு) தலைகீழ். கீழ்த் தரத்துல பாட் (கம்ப்யூட்டரே ஆடுற ஆள்) கூட்டம். நேர் கோட்டுல ஓடுவான், சுடும்போது வெட்டவெளியில நிப்பான், மறைவு தேட மாட்டான். பிரான்ஸ் (வெண்கல) தரத்துல 12 கில் எடுத்தேன்னு ஸ்டேட்டஸ் போடுற தம்பிகளே, அதுல மனுஷன் எத்தனைன்னு ரீப்ளே பாருங்க. நிஜ சவால் வேணும்னா அடிப்படை செட்டிங்ல எய்ம் அசிஸ்ட்டை (குறி பார்க்க கேம் தர்ற உதவி) அணைங்க, ஜைரோவை (போனைச் சாய்ச்சுக் குறி பார்க்கிறது) போடுங்க, பயிற்சி மைதானத்துல தினம் 20 நிமிஷம் ஒரே துப்பாக்கி, ஒரே ஸ்கோப். சென்சிடிவிட்டியை (கை அசைவுக்குக் குறி நகர்ற அளவு) தினம் மாத்துறவனுக்குக் கை படியவே படியாது.

அடிமுறை ஆசான் முதல் நாளே ஆயுதம் தரமாட்டார், சுவடு (கால் வைக்கிற முறை)தான். அதுக்காக அடிமுறை எளுப்பம்னு யாராவது சொல்லுவாங்களா? கேம்ல உதவி வைக்கிறதும் அப்படித்தான். அதைக் கழட்டுற நாள் வரணும், அது மட்டும்தான் முக்கியம்.

வரைபடம்_வடசேரி:
குழித்துறைக்காரரே, ஆசான் கழட்டச் சொல்லுவார். கேம் சொல்லாது, கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். வித்தியாசம் அங்கதான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இதைக் கொஞ்சம் யோசிச்சுச் செஞ்சிருக்கு: 'மாடர்ன்' கட்டுப்பாட்டுல ஒரே பட்டன்ல ஸ்பெஷல் அடி வரும், ஆனா அப்படிப் போட்டா அடி 20 சதவீதம் குறைவு. கையால முறையாப் போட்டா முழு அடி. கழட்டுறதுக்கு ஒரு ஆசை வச்சிருக்கான்.

மட்டிப்பழம்_மார்த்தாண்டம்:
சரி, கடைசியா ஒண்ணு. கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப், 4 ஜிபி ராம். பிளஸ் ஒன் பயலுக்கு இந்த லீவுல ஒரு கேம் மட்டும்னா எது, எப்படித் தொடங்க?

எட்டுபிட்_தக்கலை:
செலஸ்ட். 2 ஜிபி ராமே போதும், இடம் 1.2 ஜிபி. சேவ் தொடங்கும்போது அசிஸ்ட் மோட் (ஆட்டத்தை எளுப்பமாக்குற வசதி) தொடாம விடுங்க. பயல் ஒரே திரையில முக்கால் மணி நேரம் நின்னு கழட்டி வைக்கப் போனா மட்டும் அதுல வேகத்தை 90 ஆக்கச் சொல்லுங்க, 50 வரை பத்துப் பத்தாக் குறைக்கலாம். தாண்டின கையோட மறுபடி 100. சாகாவரம் போட வேண்டாம், போட்டா கத்துக்கிட எதுவும் மிஞ்சாது.

வழியில பொறுக்குற ஸ்ட்ராபெரி மொத்தம் 175. அதை முதல் சுத்துல துரத்த விடாதீங்க, கதையை முடிக்க ஒண்ணுகூடத் தேவையில்ல. முடிச்ச பொறவு பி-சைடு (அதே கட்டங்களோட கடினப் பதிப்பு) இருக்கு, அங்க வந்து 'இப்ப உள்ள கேம் எளுப்பம்'னு சொல்லச் சொல்லுங்க.

கீபோர்டு ஒண்ணைப் பார்த்துக்கிடணும். மேல், வலது, பாய்ச்சல், பிடி நாலு பட்டனும் சேர்த்து அமுக்க வேண்டி வரும். மலிவு கீபோர்டுல மூணாவதோ நாலாவதோ விழாது. பயல் சரியா அமுக்கியும் ஆள் பாயலேன்னா அதுதான் காரணம், அவன் கை இல்ல. செட்டிங்ல 'பிடி'யை ஷிஃப்டுக்கு மாத்திட்டு மறுபடி பாருங்க.

உப்புக்காத்து_குளச்சல்:
ப்ளூடூத் ஹெட்செட் போட்டு ஆட விடாதீங்க, சத்தம் பிந்தி வரும். வயர் இயர்போன் போதும்.