வீட்டில் சிப்ஸ் போட்டு விற்கிறேன், எதையெல்லாம் பதிய வேண்டும்?

குழித்துறைக்காரி:
வீட்டுப் பின்பக்கம் அடுப்பு போட்டு ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் வறுத்துக் கொடுக்கிறேன். மார்த்தாண்டத்தில் சில பேக்கரிகள் வாங்குகின்றன. இப்போது கேரளத்தில் பாறசாலையில் ஒரு கடைக்காரர் ஓணத்துக்குச் சரக்கு கேட்கிறார். கரண்ட் அக்கவுண்ட் தொடங்கப் போனால் உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதற்கு 1,500 ரூபாய், ஜிஎஸ்டி பதிவும் சேர்த்து 4,000 என்கிறார்கள். மாதம் முப்பதாயிரத்துக்கு விற்றாலே பெரிது. எனக்கு ஜிஎஸ்டி வேண்டுமா?

திங்கள்சந்தை:
வேண்டாம். சரக்கு விற்பவர்களுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி கிடையாது. பேசாமல் வியாபாரத்தைப் பாருங்கள்.

கருங்கல் அக்கா:
தம்பி சொல்வது மார்த்தாண்டத்துக்குச் சரி, பாறசாலைக்குச் சரிவராது. நானும் அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து போட்டு விற்கிறவள்தான். அந்த 40 லட்சம் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கிறவர்களுக்கு. வரி உள்ள சரக்கை எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி ஒரு சாக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, விற்றுமுதல் எவ்வளவு என்றாலும் ஜிஎஸ்டி எடுத்தாக வேண்டும். நமக்குப் பாறசாலை நாகர்கோவிலை விடப் பக்கம். ஆனால் சட்டம் தூரத்தைப் பார்க்காதே! சின்ன வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அதில் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. சிப்ஸுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். வரியை விட ரிட்டர்ன் (கணக்குத் தாக்கல்)தான் தொல்லை, ஒன்றும் விற்காத மாதத்துக்கும் போட வேண்டும், பிந்தினால் அபராதம். ஓணத்துக்கு மட்டும்தான் அவர் வாங்குவார் என்றால், கிடைக்கிற லாபம் கணக்கு எழுதுகிறவருக்குக் கொடுக்கப் போதுமா என்று முதலில் பார்.

உத்யத்துக்கு அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது, ஜிஎஸ்டி பதிவுக்கும் அப்படித்தான். சென்டர்காரர் கேட்பது அவருடைய கூலி. உத்யத்துக்கு ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், எந்த ஆவணமும் ஏற்ற வேண்டாம். தேடும்போது அதே பெயர் மாதிரி தனியார் தளங்கள் வரும், பணம் கேட்டால் மூடிவிடு. முகவரி gov.in என்று முடிய வேண்டும். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேள்.

நீ கேட்காத ஒன்று இருக்கிறது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தாயா? உத்யம் இருந்தாலும் அது தனியாக வேண்டும். சின்ன அளவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய். கடைக்காரர் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் மொறுமொறுப்பைப் பார்ப்பதில்லை, திருப்பிப் பிடித்து அந்தப் பதிவின் 14 இலக்க எண்ணைத்தான் தேடுவார்.

திங்கள்சந்தை:
எல்லை விஷயம் எனக்குத் தெரியாது அக்கா, நன்றி.

குழித்துறைக்காரி:
அக்கா, உணவுப் பதிவு எடுக்கவில்லை, அதை முதலில் பார்க்கிறேன். ஓணச் சரக்கை இந்த வருஷம் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆதாரில் இருப்பது பழைய போன் நம்பர், அது இப்போது என்னிடம் இல்லை. உத்யம் பதிய முடியுமா?

கருங்கல் அக்கா:
ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும், அதனால் முதலில் அதை மாற்று. தபால்காரரிடமே கேட்டுப் பார், ஆதாரில் போன் நம்பர் மாற்றும் வேலையை அவர்களும் செய்கிறார்கள். பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்.