டோக்கியோவில் அக்கம்பக்கத்தோடு பழக முடியுமா?

மதுரைக்காரன்:
வேலை மாற்றலாகி மார்ச் கடைசியில் டோக்கியோ வருகிறேன். மனைவியும் ஆறு வயதுப் பையனும் கூட வருகிறார்கள். ஜப்பானியர்கள் மரியாதை தருவார்கள், ஆனால் ஒட்ட மாட்டார்கள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பேசாமல் டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாயிலேயே நம் ஆட்களோடு இருந்துவிடலாமா?

சைத்தாமா செல்வன்:
தம்பி, நானும் நிஷிகசாயில்தான் தொடங்கினேன். கறிவேப்பிலை முதல் எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கிருந்தவரை எனக்கு ஜப்பான் என்றால் ஆபீசும் ரயிலும்தான்.

அப்புறம் டோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவில் ஒரு பழைய தெருவுக்கு மாறினேன். வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு. "வெளிநாட்டவர் என்றால் உரிமையாளர் தயங்குகிறார்" என்று தரகர் குனிந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். வீடு மட்டும் கிடைக்காது. கிடைத்த பிறகு வாடகைக்கு ஜாமீன் நிற்கும் உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத 'ரெய்கின்'. எனக்கு அந்த ரெய்கின் மேல் இன்னும் கடுப்பு உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் முதலில் பேசியதே குப்பையைப் பற்றித்தான். எரிக்கிற குப்பைக்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு ஒரு கிழமை. பெட் பாட்டிலின் மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அலசி வைக்க வேண்டும். காக்கை கிளறாமல் மேலே வலை. அந்த வலையை எடுத்து வைப்பது தெருச் சங்கத்தில் முறை வைத்து நடக்கும். என் முறை வந்தபோதுதான் தெருவில் எல்லாருக்கும் என் பெயர் தெரிந்தது.

சங்க அறிவிப்புகள் ஓர் அட்டையில் கோத்து வீடு வீடாக வரும். படித்து, முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் காலத்தில் இது எதற்கு என்று தோன்றும். ஆனால் எங்கள் தெருவில் அட்டை ஒரு வீட்டில் தங்கிவிட்டால், அந்த வீட்டுப் பாட்டிக்கு உடம்பு சரியில்லையோ என்று யாராவது எட்டிப் பார்க்கிறார்கள். இந்த நாட்டில் பத்தில் மூன்று பேர் 65 வயதைத் தொட்டவர்கள். 2024-இல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சம்கூட இல்லை. திருவிழாவில் மிகோஷி பல்லக்கைத் தூக்கத் தோள் போதாமல்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்குள் யாரும் கூப்பிடவில்லை என்பது உண்மைதான். வீடுகள் சின்னவை, அவர்களே ஒருவரையொருவர் வெளியே கடையில்தான் சந்திக்கிறார்கள்.

ஒசாகா தனியாள்:
அண்ணன் சொல்வது குடும்பஸ்தர்களுக்குச் சரி. ஒற்றை அறை அபார்ட்மெண்டில் இருக்கும் எனக்கு மேல்மாடியில் யார் என்றே தெரியாது. கூட்டமான ரயிலிலும் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருக்கும். பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

யோகோஹாமா அம்மா:
பையனை அரசுப் பள்ளியில் போடுங்கள், பாதிக் கவலை தீரும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் இல்லாததால் நீங்களாக வார்டு அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும். கல்விக் கட்டணம் கிடையாது, வகுப்பு ஏப்ரலில் தொடங்கும். பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பார்கள், சாப்பாடும் பரிமாறுவார்கள். சைவம் என்றால் முன்கூட்டியே பேசுங்கள். எங்கள் பள்ளியில் டப்பா கொண்டுவர விட்டார்கள். பள்ளியிலிருந்து வரும் காகிதங்களைப் படிக்கத் தெரியாமல் நான் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய் நின்றேன். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

மதுரைக்காரன்:
நன்றி அக்கா, நாளைக்கே விசாரிக்கிறேன். செல்வன் அண்ணா, அந்தப் பல்லக்கு ரொம்பக் கனமா?

சைத்தாமா செல்வன்:
பெரிய கோயில்களில் ஒரு டன்னைத் தாண்டும். எங்கள் தெருவுடையது அவ்வளவு இல்லை. ஆனாலும் மறுநாளைக்கு லீவு சொல்லி வைத்துவிடு.