16 வயசுல எல்எல்ஆர் எடுத்தவங்க இருக்கீங்களா?

வணக்கம். பெரம்பூர்ல இருக்கோம். பையனுக்குப் போன மாசம் 16 முடிஞ்சது. டியூஷனுக்கு அவங்கப்பா ஆக்டிவாவை எடுத்துட்டுப் போறேன்னு தினம் அடம். நேத்து ராத்திரி சாவியைத் தலையணைக்கு அடியில வெச்சுட்டுத்தான் படுத்தேன்.

16 வயசுக்கு 50 சிசி வரைக்கும்தான் லைசென்ஸ், அதுவும் பெத்தவங்க சம்மதத்தோட. ஆக்டிவா 110 சிசி, அதுக்கு 18 ஆகணும். மாட்டினா நமக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். அவனுக்கு 25 வயசு வரை லைசென்ஸே கிடையாது. இதையெல்லாம்விட எனக்கு அவன் கைகால் முக்கியம்.

சமீபத்துல சென்னையில பிள்ளைக்கு அந்த 50 சிசி எல்எல்ஆர் எடுத்தவங்க இருக்கீங்களா? டெஸ்டுக்கு எந்த வண்டி கொண்டுபோனீங்க? இல்லேன்னா, லைசென்ஸ் தேவைப்படாத அந்த 25 கிலோமீட்டர் வேக பேட்டரி வண்டி, மூலக்கடையில லாரிகளுக்கு நடுவுல சரிப்படுமா? ஓட்டினவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.