கத்தரி நாற்று சாய்ந்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். போன மாதம் கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா உருவாக்கிய வானகம் பண்ணைக்குப் போய்வந்தேன். வெயில் கொளுத்தும் நேரத்திலும் மண்மேல் பரப்பிய இலைதழை மூடாக்கை விலக்கினால் அடியில் மண் ஈரமாக இருந்தது. அந்த ஆசையில் வீட்டு மாடியில் குழித்தட்டு வைத்து மிளகாயும் கத்தரியும் போட்டேன். தென்னைநார்க் கழிவு பாதி, மண்புழு உரம் பாதி.

மிளகாய் நன்றாக வருகிறது. கத்தரி இரண்டு இலை விட்டதும், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் மாதிரி சுருங்கிப் படுத்துவிடுகிறது. இது நாற்றழுகல் நோய்தானே? காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தது அதிகமோ? அப்புறம், விதைக்கும் முன் விதையைச் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவில் நேர்த்தி செய்தால் போதுமா, இல்லை மண்கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் சேர்க்க வேண்டுமா? ஊர்ப் பாட்டி கொடுத்த நாட்டு விதை, இருபதுதான் மிச்சம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.