சீர்மிகு நகரத் திட்டம் நிறைவடைந்துவிட்டது. கட்டுப்பாட்டு மையத்தைப் பற்றிப் பகுதி சபையில் எவற்றைக் கேட்கலாம்?

கரையோரவாசி:

வணக்கம். ஒன்றிய அரசின் சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து தேர்வான 11 மாநகரங்களுள் ஒன்றில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன்.

2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்டு, பலமுறை கால நீட்டிப்புப் பெற்ற அத்திட்டம் 2025 மார்ச் 31-ஆம் நாளோடு முடிவுக்கு வந்தது. அத்திட்டத்தால் எங்கள் ஊருக்குக் கிடைத்த சாலையும் பூங்காவும் வாகன நிறுத்தமும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றில் குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் மக்கள் அறிவார்கள். ஆனால் கண்காணிப்புக் கேமராக்கள், காற்றின் தரத்தைக் காட்டும் மின்னணுப் பலகை, தொலைவிலிருந்து இயக்கப்படும் தெருவிளக்குகள், இவற்றின் தகவல்கள் வந்து சேரும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் ஆகியவை இப்போது யார் பொறுப்பில், எந்த நிலையில் இருக்கின்றன என்பது எங்கள் மாமன்ற உறுப்பினருக்கே தெளிவாகத் தெரியவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பலகையில் தீபாவளி இரவில் புகை மண்டிக் கிடந்தபோது ஒளிர்ந்த அதே எண்தான், அடுத்து வந்த அடைமழையிலும் ஒளிர்ந்தது.

வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையின் வரும் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச நேரம் கேட்டிருக்கிறோம். பொத்தாம் பொதுவாகக் குறை சொல்லிவிட்டு எழுந்து வர விருப்பமில்லை. எப்படிக் கேட்டால் அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும்?

மின்கம்பம்:

உள்ளாட்சியின் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிக் கேளுங்கள். திட்ட வழிகாட்டுதலின்படி ஒவ்வொரு நகரத்துக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 100 கோடி ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்கு ஒன்றிய அரசு தருவதாகவும், அதற்கு ஈடான தொகையை மாநில அரசும் உள்ளாட்சியும் சேர்ப்பதாகவும் இருந்தது. அது உருவாக்குவதற்கான பணம். மையத்தை அமைக்கும் ஒப்பந்தங்களில் சில ஆண்டுகளுக்கான இயக்கமும் பராமரிப்பும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அந்தக் காலம் முடிந்த பிறகு வரும் செலவை நகரம் தன் வருவாயிலிருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். எனவே, உங்கள் ஊரில் அந்தக் காலம் எந்த நாளில் முடிகிறது, அதற்குப் பிந்தைய செலவு வரவுசெலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டும் எழுத்தில் வேண்டும்.

தெருவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவின் விளக்குகள் எல்லாம் ஓர் இரும்புப் பெட்டியிலிருந்து இயங்குகின்றன. பெட்டிக்குள் மின்னளவி, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர், அவற்றோடு சிம் கார்டு பொருத்திய ஒரு சிறு கருவி இருக்கும். விளக்குகள் உரிய நேரத்தில் எரிந்தனவா, மின்சாரம் எவ்வளவு செலவானது என்பவற்றை அந்த சிம் வழியாகத்தான் மையம் அறிகிறது. கட்டணம் செலுத்தப்படாமல் அந்த இணைப்பு நின்றுபோனால் விளக்குகள் அணைந்துவிடுவதில்லை. கருவியில் பழுது வந்தாலும் வயர்மேன் பெட்டியைத் திறந்து நேரடி இணைப்புக்கு மாற்றிவிடுவார். விளக்கு எரியும், சில இடங்களில் பகலிலும் எரிந்துகொண்டிருக்கும். தெருவில் நடப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாத நிலையில், அந்தத் தெருவைப் பற்றி மையத்துக்கு எந்தத் தகவலும் வராமல் போயிருக்கும்.

ஆகவே "மையம் இயங்குகிறதா?" என்று கேட்காதீர்கள், இயங்குகிறது என்றுதான் பதில் வரும். "எங்கள் வார்டில் எத்தனை பெட்டிகள் உள்ளன? அவற்றுள் எத்தனை கடந்த மாதம் முழுவதும் மையத்தோடு தொடர்பில் இருந்தன?" என்று கேளுங்கள். காற்றுத் தரப் பலகைக்கும் இதே வழிதான்: உணர்கருவி கடைசியாக எப்போது அளவுச் சரிபார்ப்பு செய்யப்பட்டது, சான்று எங்கே என்று கேட்டால் போதும்.

நகரியல் மாணவி:

மேலே சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். எனினும், உங்கள் மாமன்ற உறுப்பினருக்கு விவரம் தெரியாமல் போனதற்கு அவரை மட்டும் குறைகூற இயலாது.

இத்திட்டத்தை மாநகராட்சி நேரடியாக நடத்தவில்லை. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்கீழ், மாநில அரசும் உள்ளாட்சியும் சரிபாதிப் பங்குதாரர்களாக இருக்கும் சிறப்பு நோக்கு நிறுவனம் ஒன்று ஒவ்வொரு நகரத்திலும் அமைக்கப்பட்டது. முடிவுகள் அதன் இயக்குநர் குழுவில் எடுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் சேர்ந்துகொண்டது. சென்னையும் கோவையும் முதல் 20 நகரங்களின் பட்டியலில் இடம்பெற்றது 2016 ஜனவரியில். அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில்தான். திட்டங்கள் வரையப்பட்டு, ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, குழிகள் தோண்டப்பட்ட ஆண்டுகளில் பெரும்பகுதி, தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் என்ற ஒன்றே நம் நகரங்களில் இல்லை. இதைத்தான் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறையாக நான் கருதுகிறேன். தொழில்நுட்பக் குறைகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது நாட்டின் பல நகரங்களில் இந்த மையங்களே அவசரகாலக் கட்டுப்பாட்டு அறைகளாகச் செயல்பட்டன. மழைநாளில் சுரங்கப்பாதையின் நீர்மட்டம் திரையில் தெரிந்து, வாகனங்களை முன்கூட்டியே திருப்பிவிட முடியுமானால் அது உயிர்காக்கும் வசதி. அதனால்தான் அது மாமன்றத்தின் மேற்பார்வைக்குள் வரவேண்டும் என்கிறேன். கருவிகளும் மென்பொருள் உரிமங்களும் மாநகராட்சியிடம் முறையாக ஒப்படைக்கப்பட்டனவா, அதற்கான தீர்மானத்தின் எண் என்ன என்று கேளுங்கள்.

மனுதாரர்:

பகுதி சபையில் வாய்மொழியாகக் கேட்பதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவை அனுப்பிவிடுவது நல்லது; 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பதால் கூட்டத்துக்குச் செல்லும்போது கையில் ஏதேனும் ஒன்று இருக்கும். "நாங்கள் தனி நிறுவனம், எங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது" என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். அரசுக்குச் சொந்தமான, அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்புகளும் பொது அதிகார அமைப்புகளே என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(எச்) தெளிவாகச் சொல்கிறது.

மனுவில் "ஏன்" என்ற சொல்லையே தவிர்த்துவிடுங்கள். ஏன் பழுது பார்க்கவில்லை என்று கேட்டால், விளக்கம் தருவது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், கடந்த ஓராண்டின் பழுதுப் பதிவேட்டு நகல், ஒப்பந்ததாரருக்கு விதிக்கப்பட்ட அபராத விவரம் என்று ஆவணங்களாகக் கேளுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

திண்ணை:

கேமராக்களை விட்டுவிடாதீர்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் தெருமுனைப் பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, மாநகராட்சியையும் காவல் துறையையும் தவிர வேறு யார் பார்க்கலாம், முக அடையாளம் காணும் மென்பொருள் இணைக்கப்பட்டுள்ளதா என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெண்கள் பாதுகாப்புக்காகக் கேமரா வேண்டும் என்று கேட்டதே எங்கள் பகுதிப் பெண்கள்தான். எழுதி வைத்த விதி வேண்டும் என்று இப்போது கேட்பவர்களும் அவர்கள்தான்.

கரையோரவாசி:

அனைவருக்கும் நன்றி. ஒப்பந்தம், பழுதுப் பதிவேடு, ஒப்படைப்புத் தீர்மானம் ஆகிய மூன்றையும் கேட்டு இந்த வாரமே மனு அனுப்புகிறோம். கேமரா பற்றிய கேள்விகளைச் சபையில் பெண் உறுப்பினர்களே எழுப்புவதாகக் கூறியிருக்கிறார்கள். ஒரு ஐயம் மட்டும்: தெருவிளக்குப் பெட்டிகளின் எண்ணிக்கையை அவர்கள் தவறாகச் சொன்னால் எங்களால் எப்படிச் சரிபார்க்க முடியும்?

மின்கம்பம்:

பெட்டிகளின் வெளிப்புறத்தில் பெரும்பாலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். உள்ளே ஒரு மின் இணைப்பு எண்ணும் உண்டு. பெட்டியைத் திறக்க வேண்டாம், அது ஆபத்து. தெருவாரியாக வெளிப்புற எண்களைக் குறித்து, பகலில் விளக்கு எரியும் தெருக்களுக்கு எதிரே ஓர் அடையாளமிட்டு, அந்தப் பட்டியலையே மனுவோடு இணைத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் கடைசியாக மையத்துக்குத் தகவல் வந்த தேதியைக் கேளுங்கள்.